பிடித்த நாவலின் காதல் முடிவு ஏமாற்றினால் அதைப் பற்றி எழுதுவது எப்படி

ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ஒரு மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலை இரண்டு மூன்று வாரம் கையோடு சுமந்து திரிந்து படித்து முடிக்கிறோம். தீயசக்தி அழிந்துவிட்டது, அரசன் முடிசூடிவிட்டான், போரில் பிழைத்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனால் யார் யாரோடு சேர வேண்டும் என்று பாதிக் கதையிலேயே நாம் தீர்மானித்து வைத்திருந்தோமோ அவர்கள் சேரவில்லை, அல்லது சேர்ந்த விதம் நம் மனத்துக்கு ஒப்பவில்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்: ஆசிரியருக்குக் காதலை எழுதத் தெரியவில்லை, முடிவைத் திணித்துவிட்டார், படித்த நேரமெல்லாம் வீண். நாவலைப் படிக்காதவருக்கு இதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. படித்தவருக்கோ ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அந்த ஏமாற்றத்தை ஆற்றிக்கொள்ளும் வழியை நான் இங்கே சொல்லவில்லை; அதையே மூலதனமாக வைத்துப் பயனுள்ள ஒரு மதிப்புரையை எழுதும் வழியைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் ஜே.ஆர்.ஆர். டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்கிறேன். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக (உள்ளே ஆறு நூல்களாக) வெளிவந்த அந்த நாவலின் காதல் முடிவைப் பற்றி, ஆசிரியர் உயிரோடிருந்த காலத்திலேயே வாசகர்கள் அவரிடம் குறைபட்டிருக்கிறார்கள். நானும் ஒருமுறை அவசரப்பட்டு அதைப் பற்றி எழுதிச் சூடுபட்டிருக்கிறேன். கதைகளின் முடிவுகளை மறைக்காமல் பேசப்போகிறேன் என்பதால், இன்னும் படிக்காதவர்கள் படித்த பிறகு வருவது நல்லது.

ஆசை தொடங்கிய இடத்தைத் தேடுங்கள்

முதல் வேலையாக ஒரு நோட்டில், யாருக்கும் காட்டாமல், ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: எனக்கு என்ன வேண்டியிருந்தது, அந்த ஆசை எந்தக் காட்சியில் முளைத்தது. முன்பாதியை எவரும் உடனே எழுதிவிடலாம். பின்பாதிதான் வேலை வாங்கும். இருவர் சேர வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு வானத்திலிருந்து இறங்குவதில்லை, ஆசிரியர் எழுதிய ஏதோ ஒரு காட்சிதான் அதை விதைத்திருக்கும். அந்தக் காட்சியைத் தேடியெடுத்து மறுபடி படியுங்கள். அதோடு நிறுத்தாமல் அதற்கு அடுத்த பத்து வரிகளையும் படியுங்கள்.

டோல்கினின் நாவலில் பெரும்பாலான வாசகர்களுக்கு அந்தக் காட்சி மூன்றாம் நூலின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ரோஹான் அரசனின் தங்கக் கூரை வேய்ந்த மண்டபத்தில், போருக்குப் புறப்படும் விருந்தினர்களுக்கு அரசனின் தங்கை மகள் எயோவின் மதுக்கிண்ணம் ஏந்தி வருகிறாள். அவர்களில் ஒருவனான, பின்னால் அரசனாக முடிசூடும் அராகார்னின் முன்னால் வந்ததும் சட்டென்று நின்று அவனைப் பார்க்கிறாள். அவள் கண்கள் ஒளிர்கின்றன. அவன் புன்னகைக்கிறான். கிண்ணத்தை வாங்கும்போது இருவர் கைகளும் தொட்டுக்கொள்கின்றன, அந்தத் தொடுகையில் அவள் நடுங்குவதை அவன் உணர்கிறான். இந்த நடுக்கத்தை மறந்த வாசகரை நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த வரிகளில் அவள் அவனை வாழ்த்துகிறாள், அவன் பதில் வாழ்த்துச் சொல்கிறான், சொல்லும்போது அவன் முகம் கலங்கியிருக்கிறது, இப்போது அவன் புன்னகைக்கவில்லை என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். என் பிரதியில் நடுங்கும் கைக்குக் கீழே பென்சில் கோடு போட்டிருக்கிறேன். புன்னகை மறைந்த வரியில் ஒரு புள்ளிகூட இல்லை. பின்னால் மனம் உடைந்து நான் எழுதிய குறைகளில் பாதிக்கு இந்தக் கோடு போடாத வரியே பதில்.

இப்படி ஒரு காட்சி கிடைத்துவிட்டால், அந்த இருவர் வரும் மற்ற இடங்களுக்கெல்லாம் ஒரு காகிதத் துண்டைச் செருகிவையுங்கள். நாவல் முழுவதையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. எயோவினின் காதல் நான்கைந்து காட்சிகளுக்குள் அடங்கிவிடும். ஒரே மாலையில் படித்துவிடலாம். அராகார்ன் இறந்தோரின் பாதையில் புறப்படும்போது தன்னையும் அழைத்துப்போகக் கேட்கிறாள்; எதற்கு அஞ்சுகிறாய் என்று அவன் கேட்டதற்கு, கூண்டுக்கு என்கிறாள். பின்னர் போரில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கும்போது, அவள் என்னிடம் நேசிப்பது ஒரு நிழலையும் ஒரு நினைப்பையும்தான், புகழையும் வீரச்செயல்களையும் ரோஹானுக்கு வெகுதூரத்திலுள்ள நாடுகளையும் பற்றிய நம்பிக்கையைத்தான் என்று அவள் அண்ணனிடம் அராகார்ன் சொல்கிறான். இவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும்போது, முதல் வாசிப்பில் காதலாக மட்டுமே தெரிந்த ஒன்று, தளர்ந்துபோன அரசனுக்குப் பணிவிடை செய்தே இளமை கழியும் ஒரு பெண் வெளியேறத் தவித்த தவிப்பாகவும் தெரிகிறது. தெரிந்த பிறகும் ஏமாற்றம் மிஞ்சலாம், எனக்கு மிஞ்சியது. ஆனால் ஆசிரியர் திடீரென்று கட்சி மாறிவிட்டார் என்று எழுத முடியாது.

மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணை நம்ப வேண்டாம். இத்தகைய நாவல்களுக்குப் பல பதிப்புகள் உண்டு; மின்னூலில் பக்க எண்ணே இராது. நூல், அத்தியாயம் என்று குறித்துவிட்டால் எந்தப் பிரதி வைத்திருப்பவரும் சரிபார்க்கலாம்.

இரண்டு பக்கச் சோதனை

இனி, ஏமாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. இந்த முடிவை நான் ஏற்றுக்கொள்ள நாவலில் எதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். எங்காவது இரண்டு பக்கக் காட்சி ஒன்றைச் சேர்த்தால் போதும் என்றால், குறை ஆசிரியரின் கைவேலையில் இருக்கிறது. அதைப் பற்றி தைரியமாக எழுதலாம். ஒரு கதைமாந்தரின் வயது, குணம், கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் மாற்றினால்தான் சரியாகும் என்றால், நான் கேட்பது வேறொரு நாவலை. அப்படிக் கேட்பதும் வாசகரின் உரிமைதான், ஆனால் அதை இந்த நாவலின் பிழையாக எழுதக் கூடாது.

எயோவினும் அராகார்னும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை இந்தச் சோதனையில் நிறுத்திப் பாருங்கள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. அவனோ எண்பதைக் கடந்தவன், அவன் குலத்தவர் நீண்ட ஆயுள் உடையவர்கள். எயோவின் பிறப்பதற்கு முன்பே அவன் இன்னொருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். இவ்வளவையும் மாற்றினால் அவன் அராகார்னாக இருக்கமாட்டான். சுவையான செய்தி என்னவென்றால், தொடக்கக்காலக் குறிப்புகளில் இந்த இருவருக்கும் மணம் முடிப்பதாகத்தான் டோல்கின் திட்டமிட்டிருந்தார். பிறகு அராகார்ன் மிகவும் வயதானவன், கம்பீரமானவன், இறுக்கமானவன் என்று கருதி அந்தக் காதலை வெட்டிவிடும்படித் தமக்குத்தாமே குறித்துக்கொண்டார். அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கின் பதிப்பித்த வரைவுகளில் இது இருக்கிறது. அந்த இணையை விரும்பிய வாசகரின் மூக்கு தவறாக மோப்பம் பிடிக்கவில்லை. முதல் வரைவின் வாசனை இறுதிப் பிரதியில் கொஞ்சம் தங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

எயோவினும், பின்னால் அவளை மணக்கும் கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாராமிரும் சேர்ந்த விதம் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே முடிவைப் பற்றிய குறையைவிட அதன் வேகத்தைப் பற்றிய குறையே அதிகம். மினாஸ் திரித் நகரத்து மருத்துவமனைத் தோட்டத்தில் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அதிலிருந்து ஐந்தாம் நாள், மறைந்த தன் தாயின் நட்சத்திரம் பதித்த நீல மேலங்கியை அவன் அவளுக்குப் போர்த்தியிருக்க, மதில்மேல் நின்று கிழக்கே என்ன நடக்கிறதோ என்று இருவரும் காத்திருக்கிறார்கள். அவர்களை அறியாமலே கைகள் கோத்துக்கொள்கின்றன. அடுத்த சில வாரங்களுக்குள் அவள் அவனை ஏற்கிறாள், இனிக் கேடயம் ஏந்தும் பெண்ணாக இருக்கமாட்டேன், நோய் தீர்ப்பவளாக இருப்பேன் என்கிறாள். இந்த வேகத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுப்பிய குறைக்கு ஏறத்தாழ 1963ஆம் ஆண்டில் டோல்கின் எழுதிய பதிலின் வரைவு, அவருடைய கடிதத் தொகுப்பில் இருக்கிறது. கடும் நெருக்கடியில், அதிலும் சாவு அண்மையில் நிற்கும்போது, உணர்வுகளும் முடிவுகளும் வெகு விரைவில் கனிந்துவிடுவதைத் தம் அனுபவத்தில் கண்டிருப்பதாகச் சொல்கிறார். 1916 மார்ச்சில் மணமுடித்து ஜூனில் பிரான்சுப் போர்முனைக்குச் சென்றவர் அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

கேட்டுக்கொண்ட பிறகும் மதிப்புரையாளருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வாழ்க்கையில் அப்படி நடக்கும் என்பது வேறு, பக்கத்தில் அது நடந்திருக்கிறதா என்பது வேறு. என் கணிப்பில் தோட்டத்துக் காட்சிகள் அதை நடத்திக்காட்டுகின்றன. முன்பு கிண்ணத்தின்மேல் தொட்டுக்கொண்ட கைகளில் ஒருவர் நடுங்க மற்றவர் முகம் கலங்கியது. மதில்மேல் கோத்துக்கொண்ட கைகளை இருவருமே அறியவில்லை. இந்த ஒப்புமையை ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தாரா என்பது நமக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. படிக்கும்போது அது வேலை செய்கிறது. வேலை செய்யாத இடம் அவளுடைய கடைசி அறிவிப்பு. எதிரிப் படைத்தலைவனான மந்திரவாதி அரசனை வாளால் வீழ்த்திய கையை ஒரே பேச்சில் மூலிகைக்கு மாற்றுவது, அதுவும் ஒருவனை ஏற்றுக்கொள்ளும் அதே மூச்சில் மாற்றுவது, அவளுக்காக நாம் மகிழும் நேரத்தில் அவளிடமிருந்து எதையோ பறித்தாற்போல ஆகிவிடுகிறது. இடையில் இரண்டு பக்கம், அவள் தனியே காயம்பட்ட யாரோ ஒருவரின் படுக்கையருகே இருப்பதாக எழுதியிருந்தால் போதும். நோய் தீர்க்கும் ஆசை ஃபாராமிருக்கு முன்பே அவளுக்குள் முளைத்திருந்ததை நாம் கண்ணால் பார்த்திருப்போம்.

இதைவிடப் பெரிய குறை, அராகார்ன் வாக்குக் கொடுத்திருந்த ஆர்வென் பற்றியது. நாவலின் மையக் காதல் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது அராகார்னுக்கும் ஆர்வெனுக்கும் உரியதுதான். ஆனால் அவளை முதல் பாகத்து விருந்தில் தூரத்திலிருந்து பார்க்கிறோம், அவள் தன் கையால் செய்த கொடி ஒன்று தூதர் மூலம் வருகிறது, அவ்வளவுதான். போர் முடிந்து முடிசூட்டும் ஆன பிறகு கோடைநடு நாளில் மணப்பெண்ணாக வந்து நிற்கிறாள். மண்டபத்தில் கை நடுங்கியவளை நமக்கு நெருக்கமாகத் தெரியும். மணமேடையில் நிற்பவளை யாரென்றே தெரியாது. முதல்முறை படித்தபோது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைப் பக்கத்து உறவினரைப் போல நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுடைய கதை எழுதப்படாமல் இல்லை. மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது: இருபது வயதில் காட்டில் அவளைக் கண்டு மயங்கியது, பின்னாளில் ஒரு குன்றின்மேல் கொடுத்துக்கொண்ட வாக்கு, கோண்டோரும் அர்னோரும் சேர்ந்த அரசுக்கு மன்னனானால்தான் என் மகளைத் தருவேன் என்று எல்ரோண்ட் விதித்த நிபந்தனை, நூற்றிருபது ஆண்டு ஆட்சிக்குப் பின் அவன் இறக்கும்போது, அழியா வாழ்வைத் துறந்து வந்தவள் சாவின் கசப்பை அப்போதுதான் அறிவது. அதைப் படித்தபின் திருமண அத்தியாயத்துக்குத் திரும்பினால் அது வேறோர் அத்தியாயமாக இருக்கும். டோல்கினும் பின்னிணைப்புகளில் இதுவே மிக முக்கியமானது என்று கருதினார். 1968இல் வந்த ஒற்றைத் தொகுதிப் பதிப்பில் மற்றப் பின்னிணைப்புகளை விட்டுவிட்டு இதை மட்டும் சேர்த்தார்கள். கதை ஹாபிட்டுகள் என்னும் குள்ள மனிதர்களின் கண்ணோட்டத்தை மையமாகக் கொண்டது, அந்தக் கட்டமைப்பைக் குலைக்காமல் இதை உள்ளே நுழைக்க இயலவில்லை என்பது அவர் ஒரு கடிதத்தில் கொடுத்த விளக்கம்.

அந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. ஒரு ஹாபிட் ஒளிந்திருந்து கேட்கக்கூடிய இரண்டு பக்க உரையாடல் எல்ரோண்டின் இல்லமான ரிவெண்டெல்லில் நடந்திருக்கலாம்; ஒளிந்திருந்து கேட்பது ஹாபிட்டுகளுக்குப் புதிய வித்தையா என்ன? ஆக, இந்த ஏமாற்றத்தை எழுதும்போது, தவறான பெண்ணை மணந்தான் என்று எழுதக் கூடாது. சரியான பெண்ணை நமக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே வருத்தத்திலிருந்து வருபவைதான். முதலாவது ஒரு புலம்பல், இரண்டாவது நாவலின் கட்டமைப்பைப் பற்றிய விமரிசனம்.

மாய உலகின் விதிகளைச் சோதியுங்கள்

மிகுபுனைவுக்கு மட்டுமே உரிய ஓர் ஏமாற்றம் உண்டு. சமூக நாவலில் காதலரைப் பிரிக்கச் சாதி, பணம், பெற்றோர், போர் என்று எதையாவது கொண்டுவர வேண்டும். அவற்றின் வலிமை நமக்கு முன்பே தெரியும். மிகுபுனைவில் பிரிக்கும் சக்தி ஆசிரியர் தாமே உண்டாக்கிய ஒரு விதியாக இருக்கலாம். அந்த விதி எப்போது நமக்குச் சொல்லப்பட்டது என்பதே இங்கே கேள்வி.

பிலிப் புல்மனின் முப்பாக நாவலின் கடைசிப் பாகம் ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ 2000ஆம் ஆண்டில் வந்தது. வேறு வேறு உலகங்களைச் சேர்ந்த லைராவும் வில்லும் காதலை உணர்ந்த கையோடு பிரிய வேண்டியிருக்கிறது. அந்நிய உலகத்தில் ஒருவர் நெடுங்காலம் நலமாக வாழ முடியாது, சில ஆண்டுகளில் உடல் சீர்கெட்டுவிடும். உலகங்களுக்கு இடையே வெட்டப்பட்ட சன்னல்கள் திறந்திருந்தால் உணர்வின் ஆதாரமான தூசு வடிந்துபோகும். அந்தச் சன்னல்களை வெட்டும் மாயக் கத்தி வில்லிடம் இருக்கிறது; அதனால் ஒவ்வொரு சன்னலை வெட்டும்போதும், மனிதரின் உணர்வை உறிஞ்சும் ஓர் ஆவிப்பேய் பிறக்கிறது. ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்து வைக்கலாம், அது இறந்தவர்கள் வெளியேறுவதற்குத் தேவைப்படுகிறது. ஆகவே ஆண்டுதோறும் கோடைநடு நாளின் நண்பகலில், ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவின் ஒரே பெஞ்சில், அவரவர் உலகத்தில் ஒரு மணிநேரம் உட்காருவது என்று உடன்பட்டுப் பிரிகிறார்கள். அந்தப் பெஞ்சைத் தேடிப் போகும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டுமானால் விதிகளைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். வில்லின் தந்தை பல ஆண்டுகள் வேற்றுலகத்தில் வாழ்ந்தவர். இரண்டாம் பாகத்தில் நாம் பார்க்கும்போதே உடல் நலிந்திருக்கிறார். ஆக முதல் விதிக்கு விதை முன்பே போடப்பட்டிருக்கிறது. ஆவிப்பேய்களையும் இரண்டாம் பாகத்திலிருந்தே அறிவோம். ஆனால் அவை கத்தி வெட்டும் ஒவ்வொரு முறையும் பிறக்கின்றன என்பது இறுதி அத்தியாயங்களில்தான் தெரியவருகிறது. கத்தியை இன்னும் ஒரே ஒருமுறை பயன்படுத்தினால் என்ன என்று வாசகர் கேட்கப்போகும் நேரம் பார்த்து அந்தக் கதவை ஆசிரியர் சாத்துவது போலத் தோன்றினால், அந்த எரிச்சல் நியாயமானது. பிரிவில் முடிந்தது என்பதற்காக மட்டும் குறை சொல்வது நியாயமன்று. பிரிவுக்கென்றே பாலைத் திணையை ஒதுக்கிப் பாடிய மொழியில் எழுதுகிறோம். எனக்கு அந்தப் பெஞ்சு முடிவு பிடித்திருக்கிறது. ஆவிப்பேய் விதி கொஞ்சம் தாமதமாக வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஆசிரியரின் வாக்குமூலத்தை எங்கே வைப்பது

ஏமாந்த வாசகர் அடுத்துத் தேடுவது ஆசிரியரின் பேட்டியை. ஹாரி பாட்டர் வரிசை 2007இல் முடிந்து, கடைசி அத்தியாயத்தில் பத்தொன்பது ஆண்டு கழித்து ரோனும் ஹெர்மயனியும் தம் குழந்தைகளோடு ரயில் நிலையத்தில் நிற்பதைப் பார்த்தோம். 2014இல் வெளிவந்த ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஜே.கே. ரௌலிங், அந்த இணையைத் தம் ஆசை நிறைவேற்றமாகவே எழுதியதாகவும், தொடக்கத்தில் எண்ணியிருந்ததைப் பிடித்துக்கொண்டதால் அப்படி அமைந்ததாகவும் சொன்னார். அந்த இணையை விரும்பாதவர்களுக்கு வெற்றி கிடைத்துவிட்டாற்போல இருந்தது. உண்மையில் அந்தப் பேட்டியால் நாவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. டோல்கினின் கடிதமும் அப்படித்தான். ஆசிரியர் சாட்சிக் கூண்டில் ஏறலாம், ஆனால் தீர்ப்பு எழுதும் இடத்தில் பக்கங்கள்தாம் இருக்க வேண்டும். பேட்டியை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள்.

தொடர் இன்னும் முடியவில்லை என்றால் அவசரம் வேண்டாம். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் மூன்றாம் நாவல் 1972இல் வந்தபோது, நாயகனான மந்திரவாதி கெட் தன் மந்திர சக்தியெல்லாம் இழந்து டிராகன்மேல் ஏறிப் போனதோடு கதை முடிந்தது. இரண்டாம் நாவலின் நாயகி டெனாருக்கும் அவனுக்கும் இடையே என்ன என்ற கேள்விக்கு விடையே இல்லை. அந்த உலகில் மந்திரவாதிகள் துறவிகளாக இருப்பவர்கள். சக்தி போன பின்புதான் ஒரு பெண்ணோடு வாழ முடியும் என்பதை எடுத்துக்கொண்டு, பதினெட்டு ஆண்டு கழித்து 1990இல் ‘டெஹானு’வை எழுதினார். இந்தக் குறைபாடு நமக்கும் அந்நியமானதன்று: மிகுபுனைவு அல்லவென்றாலும், ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்ததும் கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைபட, கதைமாந்தர் சிலருக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதைக் கல்கி முடிவுரையில் சொல்ல வேண்டியதாயிற்று.

எழுதும்போது

நோட்டிலிருந்து மதிப்புரைக்கு வரும்போது வாக்கியம் எப்படி மாற வேண்டும் என்பதற்கு என் பழைய குறிப்பையே காட்டுகிறேன். முதலில் எழுதியது இது: ‘கதையில் பேசவே பேசாத ஒருத்தியை அராகார்ன் கட்டிக்கொள்கிறான், எயோவினை யாரோ ஒருவன் தலையில் கட்டிவிட்டார்கள், டோல்கினுக்குப் பெண்களை எழுத வராது.’ இதில் முதல் கூற்று தவறு, திருமணத்துக்குப் பிறகு ஆர்வென் ஹாபிட் நாயகன் ஃப்ரோடோவிடம் பேசுகிறாள். இரண்டாவது, தோட்டத்துக் காட்சிகளைப் படிக்காதவர் போல எழுதியது. மூன்றாவது, மண்டபத்தில் ஒரு பெண்ணின் கை நடுங்கியதை எழுதிக்காட்டியவர் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக நிற்கவே நிற்காது.

மறுபடி எழுதியது: ‘எயோவினைப் பல அத்தியாயங்களில் அருகிலிருந்து காட்டும் நாவல், ஆர்வெனை விருந்தில் ஒருமுறை தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திருமணத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்களுடைய காதல் பின்னிணைப்பில் முழுமையாக இருக்கிறது, அது அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஆறாம் நூலை முதல்முறை படிப்பவருக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே அரசனின் திருமணத்தில் அரசனின் மகிழ்ச்சி தெரிகிறது, மணமகள் தெரியவில்லை.’ கோபம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. யார் வேண்டுமானாலும் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கலாம் என்பதுதான் வேறுபாடு.

முடிவை உடைக்கும் பகுதியை மதிப்புரையின் பின்பாதியில் வைத்து, அதற்கு முன் ஒரு வரியில் எச்சரித்துவிடுங்கள். ‘முடிவு பிடிக்கவில்லை’ என்று தலைப்பில் போடுவதும் உடைத்ததற்குச் சமம்தான். அந்த முடிவை விரும்பிய வாசகரைக் கதை புரியாதவர் என்று ஏசுவதையும், கதைமாந்தர்மேல் உள்ள கோபத்தை ஆசிரியரின் சொந்த வாழ்க்கைமேல் திருப்புவதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் விரும்பிய முடிவை நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், கை அரிப்புத் தீரும். ஆனால் அதை மதிப்புரைக்குள் நுழைக்காமல் தனிக் கதையாக வையுங்கள்.

எழுதியதை ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டு வெளியிடுவது நல்லது. வெளியிட்ட பிறகு யாராவது நீங்கள் தவறவிட்ட ஒரு வரியைக் காட்டினால், பழைய வாக்கியத்தை அழிக்காமல் கீழே தேதியோடு திருத்தத்தைச் சேருங்கள். எயோவினின் மனமாற்றத்துக்கு முன்தயாரிப்பே இல்லை என்று நான் எழுதியிருந்தேன். அதைப் படித்த தோழி ஒருத்தி பதில் வாதம் எதுவும் செய்யாமல், ஆறாம் நூல், ஐந்தாம் அத்தியாயம், சன்னலைப் பார் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். பார்த்தேன். படுக்கையிலேயே கிடக்கச் சொல்கிறார்கள் என்று ஃபாராமிரிடம் முதன்முதலாக முறையிடப் போகும் எயோவின், போருக்குப் போக வேண்டும், சாக வேண்டும் என்று நிமிர்ந்து பேசிவிட்டு, கடைசியில் குரல் தளர்ந்து, இளம்பெண்ணின் வருத்தக் குரலில், என் சன்னல் கிழக்கே பார்க்கவில்லை என்கிறாள். ஃபாராமிர் புன்னகைத்து, அதைச் சரிசெய்யலாம் என்கிறான். அந்த வரி இப்போது என் மதிப்புரையின் அடியில், என் பழைய வாக்கியத்துக்குக் கீழே இருக்கிறது.